தோன்றா எழுவாய்

என் வீட்டுக்காரியின் வலது காலில் குடியேறிய கிருமிக்கு அந்த ஆஸ்பத்திரியில் கிடைத்த மரியாதையில் கால்வாசி எங்களுக்குக் கிடைத்திருந்தால், நான் இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியிருக்காது.

நான் பூச்சி மருந்து அடிக்கிறவன். மூட்டைப்பூச்சி, கரப்பான், கறையான், எதுவானாலும் முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு போய்விடுவேன். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு. வீட்டுக்காரி தையல்காரி. காலால் மிதிக்கிற பழைய மிஷின். மோட்டார் மாட்டித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தையல் கையில் இல்லை, காலில் இருக்கிறது என்பாள். அந்தக் காலைத்தான் உடைத்துக்கொண்டாள். பரண் மேல் கிடந்த துணி மூட்டையை எடுக்க, நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். பிடித்துக்கொண்டும்தான் இருந்தேன், நாற்காலியை. சரிந்தது ஸ்டூல்.

ஆஸ்பத்திரியில் எலும்புக்குத் தகடு வைத்துத் தைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தையலை எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரி, இழை கொஞ்சம் நெருக்கமாகப் போட்டிருக்கலாம், மற்றபடி பரவாயில்லை என்று எலும்பு டாக்டருக்கு மார்க் போட்டாள். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. 'இம்மருத்துவமனையில் தொற்று ஏற்படாத 398-ஆவது நாள்' என்று நாங்கள் போன அன்றைக்கு இருந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்குக் கண்காணிப்பாளர், அதாவது ஆஸ்பத்திரிக்கே பெரிய டாக்டர், ஒரு சின்ன ஏணியில் ஏறி எண்ணை மாற்றுவார். ஏணியை இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர்கள், சிஸ்டர்கள், பெருக்குகிறவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். அந்த அரைமணி நேரம் வார்டில் ஈ காக்கா இருக்காது. நோயாளிகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எண்ணை மாற்றியதும் ஒரு பேச்சு. முதல் நாள் நானும் கேட்டேன். கை கழுவுவதில் இந்த மருத்துவமனையை மிஞ்ச ஆள் கிடையாது என்றார். எந்த நோயாளி வந்தாலும் உடனே கை கழுவிவிடுவோம், எந்தப் பிரச்சினை வந்தாலும் கை கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை என்றார். நான் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர் முறைத்தார்.

கை கழுவ எங்கள் ஐந்தாம் வார்டில் புத்தம்புதுக் குழாய்கள் நான்கு இருந்தன. நான்கிலும் ரிப்பன் கட்டியிருந்தது, இன்னும் திறப்பு விழா ஆகவில்லை. சோப்பு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. சாவி ஹெட் சிஸ்டர் இடுப்பில். ஆய்வுக்குழு வரும்போது புதுச் சோப்பாக இருக்க வேண்டாமா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன். அதே கையோடு அவர் ஒன்றாம் கட்டிலில் கட்டுப் பிரித்து, இரண்டாம் கட்டிலில் கட்டுப் போட்டு, மூன்றாம் கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரியிடம் வந்தார்.

நான்காம் நாள் கட்டைப் பிரித்தபோது சீழ் வைத்திருந்தது. எனக்கே தெரிந்தது. சீழ் என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். ஹெட் சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்த வார்த்தை இந்தக் கட்டடத்தில் இல்லை என்றார். ஈரம் என்று சொல்லலாம். கசிவு என்று சொல்லலாம். ரொம்ப அதிகமாக இருந்தால் 'மிகையான ஆறுதல்' என்று எழுத அனுமதி உண்டு. அன்று மாலை காய்ச்சல் வந்தது. அதற்கு 'உடல் உற்சாகம்' என்று எழுதினார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. படித்தவர்கள், ஏதோ காரணம் இருக்கும் என்றுதான் நினைத்தேன். பலகையில் நானூற்று ஒன்று என்று இருந்தது. தொற்று என்று ஒருவர் எழுதினால் அடுத்த நாள் அது பூஜ்யமாகிவிடும். நானூறு நாள் கைதட்டலைப் பூஜ்யமாக்க யாருக்கு மனசு வரும்?

ஈரத்துக்கும் மருந்து உண்டு என்று ஊசி ஆரம்பித்தார்கள். அங்கே டியூட்டி டாக்டர் மூன்று நாளுக்கு ஒருமுறை மாறுவார். மாறினால் மருந்தும் மாறும். அவருடைய மருந்து அவரோடு போய்விடும். முதல் டாக்டரின் மருந்தில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. மூன்றாம் நாள் அவர் போனார், மருந்தும் போனது, காய்ச்சல் வந்தது. இரண்டாவது டாக்டரும் அப்படியே. மூன்றாவது டாக்டரின் ஊசிக்குக் காய்ச்சல் அசையவே இல்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் வஞ்சனை இல்லை. நான் ஒருமுறை தும்மினேன், உடனே இரண்டு மாத்திரை கையில் திணித்தார்கள். அதே ஊசி மருந்தின் மாத்திரையாம். தூசிக்குத் தும்மினேன் என்றேன். இருக்கட்டும், வந்ததுக்கு மரியாதை என்றார்கள்.

இங்கேதான் எனக்குள் இருந்த பூச்சிக்காரன் விழித்துக்கொண்டான். என் தொழிலில் இது பாலபாடம். மூன்று அறை வீடு, ஒரு அறைக்கு மருந்து அடித்ததுமே வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு போதும் என்பார். நோஞ்சான் கரப்பான் எல்லாம் செத்துவிடும். தடித்தோல் கரப்பான் பத்துத் தப்பிக்கும். அடுத்த மாசம் வீடு பூராவும் அந்தப் பத்தின் பிள்ளைகள்தான். அப்புறம் அதே மருந்தில் குளிப்பாட்டினாலும் எதிரே உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருக்கும். பூச்சி படித்துவிட்டது என்று ஜனங்கள் சொல்வார்கள். பூச்சி எங்கே படித்தது? படிக்காததெல்லாம் செத்துப்போனது, அவ்வளவுதான்.

இதை மறுநாள் காலை கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏணியில் இருந்தார். அங்கிருந்தே பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "மூணு நாள் ஒரு டாக்டர், மூணு நாள் ஒரு மருந்து. யாருக்கும் மனக்கசப்பு கிடையாது. ஒரே மருந்தைப் பதினாலு நாள் கொடுத்தா, மத்த மருந்தெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? இங்க பாரபட்சத்துக்கு இடமே இல்லை."

அரைக் கிணறு தாண்டினால் உள்ளேதானே விழுவோம் என்று கேட்க வாயெடுத்தேன். கைதட்டல் ஆரம்பித்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு அம்மா இருந்தார். லேப் மேடம் என்பார்கள். அவர் ஒருத்தர்தான் என் வீட்டுக்காரியின் கட்டைப் பார்த்து முகம் சுளித்தவர். ஈரத்தில் கொஞ்சம் பஞ்சில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார். கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்குச் சாகும், எந்த மருந்துக்குச் சாகாது என்று சொல்லிவிடுவேன் என்றார். இரண்டே நாளில் எழுதியும் கொடுத்துவிட்டார். ஆனால் அறிக்கை எங்களிடம் வர ஏழு நாள் ஆனது. நடுவில் மொழிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மக்களுக்குப் புரியும் மொழியில்தான் எந்தத் தாளும் போக வேண்டும் என்று புது உத்தரவாம். அந்த ஏழு நாளில் இன்னும் இரண்டு டாக்டர், இரண்டு மருந்து.

ஏழாம் நாள் தாள் வந்தது. பளபளவென்று பதினொரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு மருந்தின் பெயர். பத்து மருந்துக்கு நேரே 'எதிர்ப்பு சக்தி உள்ளது' என்று இருந்தது. பதினோராவது மருந்துக்கு நேரே 'எளிதில் மனம் புண்படும்' என்று இருந்தது. கடைசியில் தொகுப்பு என்று தடித்த எழுத்தில்: எதிர்ப்பு சக்தி, பதினொன்றுக்குப் பத்து.

வார்டே திருவிழாக் கோலம் கொண்டது. கண்காணிப்பாளர் நேரில் வந்து என் வீட்டுக்காரியின் கையைக் குலுக்கினார். இவ்வளவு எதிர்ப்பு சக்தி உள்ள நோயாளியை இந்த மருத்துவமனை கண்டதில்லை என்றார். வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது, அன்றைக்கு முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அவளை உட்காரவைக்கப் போவதாகச் சொன்னார். அவளுக்கு நூற்று மூன்று டிகிரி உற்சாகம். பல் கிடுகிடுவென்று அடிக்க, சரிங்க என்றாள். பதினோராவது மருந்து மட்டும் வம்பு பிடித்தது, யார் மனசையாவது புண்படுத்திவிடும் என்று மருந்து ஸ்டோரில் தனியாக எடுத்து வைத்து, 'தவிர்க்கவும்' என்று சீட்டு ஒட்டினார்கள்.

எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். பத்து மார்க் வாங்கிய பொண்டாட்டி யாருக்குக் கிடைக்கும்?

அன்று மதியம் எலும்பு டாக்டர் வந்தார். பாவம், அவருக்கு நிறைய எலும்பு. தாளில் கடைசி வரியை மட்டும் படித்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார். இவ்வளவு எதிர்ப்பு சக்தி இருந்தும் ஆறவில்லை என்றால் மருந்து மேல் தப்பில்லை, கால் மேல்தான் தப்பு என்றார். இனி விட்டால் உயிருக்கு ஆபத்து. சனிக்கிழமை காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமையே எடுத்திருக்கலாம், ஆய்வுக்குழு வருகிறதே என்று வருத்தப்பட்டார்.

அவர் போய்விட்டார். போர்வைக்குள் அவளுடைய பாதம் மட்டும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. மிஷினை மிதிக்கிற அசைவு. முன்னே, பின்னே, முன்னே, பின்னே. "ஏங்க, ஒத்தைக் கால்ல மிதிச்சா சக்கரம் பின்னாடி ஓடும்ங்க. நூல் அறுந்து போகும்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. கரப்பான் முன்னால்கூட நான் அழுததில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

எங்கே போவது என்று தெரியாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பத்து மார்க்குக்கு ஒரு நன்றியாவது சொல்லலாம் என்று. லேப் மேடம் தாளை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எதிர்ப்பு சக்தி உங்க வீட்டுக்காரிக்கு இல்லைங்க. கிருமிக்கு. பத்து மருந்தையும் அது எதிர்க்குது. பதினோராவதுக்குத்தான் சாகும்."

தான் சென்சிட்டிவ் என்று எழுதியதைத்தான் மனம் புண்படும் என்று மாற்றியிருக்கிறார்கள் என்றார். அந்த மருந்துக்குக் கிருமி தாங்காது என்று அர்த்தமாம். இவ்வளவு மருந்தை எதிர்க்க ஒரு கிருமிக்கு எப்படி முடியும் என்று கேட்டேன். லேப் மேடம் சொன்னதில் என் தொழில் அப்படியே இருந்தது. அது வெளியில் பிறந்த கிருமி இல்லை. இங்கேயே பிறந்து, கட்டிலுக்குக் கட்டில் சிஸ்டர் கையில் ஓசிச் சவாரி செய்து, இருக்கிற மருந்தையெல்லாம் மூன்று மூன்று நாள் ருசி பார்த்து வளர்ந்தது. ஒவ்வொரு தடவையும் நோஞ்சான் செத்து, எமகாதகன் தப்பித்தான். போதாக்குறைக்கு ஒரு கிருமி தெரிந்துகொண்டதைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுமாம், பரீட்சையில் பிட் கொடுக்கிற மாதிரி. தும்மினவனுக்கெல்லாம் மாத்திரை கொடுத்தால் அதற்கு டியூஷன் வைத்த கணக்கு என்றார்.

அப்படியென்றால் பதினோராவது மருந்தைக் கொடுங்கள் என்றேன். கொடுப்பது என் வேலை இல்லை, தாள் சொன்னால்தான் ஸ்டோரில் எடுப்பார்கள், தாளை மாற்ற மொழிப் பிரிவுக்குத்தான் அதிகாரம் என்றார். அன்றைக்குப் புதன்கிழமை.

மொழி அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். தாளில் தப்பு இருக்கிறது என்றேன். இருக்காது என்றார். எதிர்ப்பு சக்தி உள்ளது என்றால் யாருக்கு என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இலக்கணம் பேசியதில்லை போலிருக்கிறது.

"தமிழ்ல எழுவாய் வெளிய தெரியாமலே வாக்கியம் நிக்கும். 'வந்தான்'னு சொன்னா 'அவன்' உள்ளேயே இருக்கான். அதுக்குத் தோன்றா எழுவாய்னு பேரு. எவ்வளவு அழகு பாருங்க. இருக்கும், ஆனா தெரியாது."

இருக்கும், ஆனால் தெரியாது. என் வீட்டுக்காரி காலில் இருப்பதும் அதுதான் என்றேன். சனிக்கிழமை காலை எடுக்கப் போகிறார்கள், எழுவாயைக் கொஞ்சம் தோன்ற வையுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கே மனசு இளகிவிட்டது. திருத்தம் செய்கிறேன், ஆனால் கிருமி என்ற சொல் விலக்கப்பட்ட சொற்கள் பட்டியலில் இருக்கிறது, பலகை இருக்கும்வரை எழுத முடியாது என்றார். பதிலுக்கு என்ன எழுதலாம் என்று பட்டியலைப் புரட்டினார். அழைக்காமல் வந்து தங்கியிருக்கிறது, சாப்பிடுகிறது, போக மறுக்கிறது. 'விருந்தினர்' என்று எழுதினார்.

வியாழக்கிழமை திருத்திய தாள் வந்தது. 'விருந்தினருக்கு எதிர்ப்பு சக்தி உள்ளது' என்று பத்து வரி. 'விருந்தினர் எளிதில் மனம் புண்படுவர்' என்று பதினோராவது வரி. கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு ஆடிப்போனார். நாளைக்கு ஆய்வுக்குழு வருகிறது, விருந்தினர் மனம் புண்பட்டால் ஐந்து நட்சத்திரச் சான்றிதழ் என்னாவது? பதினோராவது மருந்தை ஸ்டோரிலிருந்தே எடுத்துத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதையாக, என் திருத்தத்தால் மருந்து இன்னும் இரண்டு பூட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

நடந்ததை வீட்டுக்காரியிடம் வந்து சொன்னேன். தமிழ் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று புலம்பினேன். அவளுக்கு அந்த உற்சாகத்திலும் கோபம் வந்தது. "தமிழ் மேல பழி போடாதீங்க. கேட்டா அது சொல்லும். யாருக்குன்னு இத்தனை பேர்ல ஒருத்தர் கேட்டாங்களா?" என்றாள். நானும்தான் கேட்கவில்லை, கையைக் குலுக்கினபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்று அவள் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பலகையில் நானூற்று இருபது. "சரியான நம்பர்தான்" என்றாள் வீட்டுக்காரி. குழாய்களின் ரிப்பனை ஆய்வுக்குழுத் தலைவி வெட்டினார். கண்ணாடிப் பெட்டி திறந்து சோப்பு வெளியே வந்தது. குழுவிலிருந்த ஏழு பேரும் கை கழுவினார்கள். கைதட்டல். மறுபடியும் சோப்பு உள்ளே போய்விட்டது. அப்புறம் கண்காணிப்பாளர் பேசினார்.

"இந்த மருத்துவமனையில் நோயாளி என்ன நோயோடு வருகிறார் என்பது முக்கியமில்லை. வந்தபிறகு அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். நாங்கள் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை."

இதற்கு உதாரணமாக என் வீட்டுக்காரியைக் காட்டி, பதினொன்றுக்குப் பத்து என்று அறிவித்தார். தலைவி தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இதுல விருந்தினர்னு இருக்கே, யாரு?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் என் வீட்டுக்காரி காத்திருந்தாள் போல. "என் கால்லதான் இருக்காங்கம்மா. கூப்பிடட்டுமா?" என்றாள். கேட்டுக்கொண்டே கட்டைப் பிரித்துவிட்டாள். அவள் தையல்காரி, எந்த முடிச்சை இழுத்தால் எல்லாம் அவிழும் என்று அவளுக்குத் தெரியும்.

வாடை முன்வரிசையைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனது. கண்காணிப்பாளர் இது மிகையான ஆறுதல் என்று ஆரம்பித்தார். தலைவி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, இது தொற்றுதானே என்றார். இங்கே தொற்று கிடையாது, நானூற்று இருபது நாளாக இல்லை, பலகையே சாட்சி என்றார் கண்காணிப்பாளர். லேப் மேடம் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, சனிக்கிழமை கால் போகிறது, பீரோவில் மருந்து இருக்கிறது என்று இரண்டே வரியில் சொன்னார். கண்காணிப்பாளர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஆனாலும் அன்றைக்கு அவர் நெற்றி வியர்த்ததை நான் பார்த்தேன். மருந்து கொடுத்தால் தொற்று, தொற்றென்றால் பலகை பூஜ்யம். கொடுக்காவிட்டால் தலைவி கண்ணெதிரே கால் போகும்.

மொழி அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார். வெளியிலிருந்து வருகிற தொற்று ஆஸ்பத்திரிக் கணக்கில் வராது. அதற்குத் தனி விதி இருக்கிறது: ஒரே டாக்டர், ஒரே மருந்து, நாள் குறையாமல் கடைசிவரை. உள்தொற்றுக்கு விதியே கிடையாது, ஏனென்றால் உள்தொற்றே கிடையாது. ஆகவே நோயாளி வெளியே போய்விட்டு வந்தால் எல்லாருக்கும் நல்லது. தலைவி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, விதிப்படி சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

சக்கர நாற்காலியை நான்தான் தள்ளினேன். வாசல் கதவைத் தாண்டி மூன்று அடி. காவல்காரர் கேட்டை மூடினார். திறந்தார். மூன்று அடி உள்ளே. ஹெட் சிஸ்டர் புதுச் சீட்டு எழுதினார். நேற்றுவரை உற்சாகமாக இருந்தவளுக்கு அப்போதுதான் முதல்முறையாகக் காய்ச்சல் வந்தது. அரைமணி நேரத்தில் பதினோராவது மருந்து ஏறியது.

மூன்று வாரம் ஒரே மருந்து. எலும்பு டாக்டர் புண்ணைத் திறந்து கழுவிச் சுத்தம் செய்தார். தாளை இந்தத் தடவை முதல் வரியிலிருந்து படித்தார், அந்தப் புண்ணியம் அவருக்கு. எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. பதினைந்தாம் நாள் புதுச் சதை சிவப்பாகத் துளிர்த்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்பார்கள், எங்களுக்குக் காலுக்கு வந்தது ஒரு நொண்டலோடு போனது.

வீட்டுக்குப் போகிற அன்று காலை மொழி அதிகாரி கோப்பைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். நாற்பது பக்கம். என் வீட்டுக்காரி ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். மருந்து மாற்றப்பட்டது. ஈரம் காணப்பட்டது. சோப்பு பாதுகாக்கப்பட்டது. அறிக்கை தாமதமானது. யார் மாற்றினார், யார் பூட்டினார், யார் தாமதித்தார், ஒரு ஆள் கிடையாது. நாற்பதாவது பக்கத்துக் கடைசி வரியில்தான் ஆள் இருந்தது. 'நோயாளி தன் காலில் தொற்றை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்.'

"நீங்க கேட்டீங்களே, எழுவாய். போட்டுட்டேன் பாருங்க" என்று மொழி அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். எனக்கு ரத்தம் கொதித்தது. கையெழுத்துப் போடாதே என்றேன். அவள் போட்டாள். கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்கள், எனக்கு நடக்கணும் என்றாள்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தே வாசலுக்கு வந்தாள். அங்கே சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. எண்ணினேன், ஏழு. எல்லாம் எங்கள் ஐந்தாம் வார்டுதான். ஒவ்வொன்றாக கேட்டுக்கு வெளியே மூன்று அடி போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. திரும்ப வேண்டிய இடத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். ஏழு பேருக்கும் பதினோராவது மருந்துதானாம். ஏழு பேர் ஆகிவிட்டதால் பாரபட்சம் கூடாது என்று ஆளுக்கு மூன்று நாள் என்று பங்கிட்டுப் பத்து நாளாய்க் கொடுத்து வருகிறார்களாம். காவல்காரர் பெருமையாகச் சொன்னார்.

மணி ஒன்பது. கண்காணிப்பாளர் ஏணியில் ஏறினார். எண்ணை மாற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இன்று வந்த அறிக்கை வரலாறு காணாதது என்றார். முதல் நாற்காலியில் இருக்கும் நோயாளி பழைய சாதனையை முறியடித்துவிட்டார். எதிர்ப்பு சக்தி, பதினொன்றுக்குப் பதினொன்று.

எல்லாரும் கைதட்டினார்கள். தூரத்தில் ஆய்வுக்கூட ஜன்னலில் லேப் மேடம் மட்டும் கைதட்டவில்லை. முதல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் அந்த நோயாளியின் புருஷன். ஒன்றும் புரியாவிட்டாலும் முகமெல்லாம் சிரிப்பாக அவரும் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாசத்துக்கு முந்தைய என்னைப் பார்ப்பது போலிருந்தது, எனக்குப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரி தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, நொண்டி நொண்டி அவரிடம் போனாள். அவர் காதருகே போய் என்னவோ சொன்னாள். அவர் கைதட்டுவதை நிறுத்தினார். நாற்காலியில் இருந்த தன் பொண்டாட்டியைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். அப்புறம் கைதட்டலுக்கு மேலே, சந்தைக்கடையில் கூப்பிடுகிற குரலில் கேட்டார்:

"யாருக்கு?"

கைதட்டல் நின்றுவிட்டது.